பாடமும் ஆட்சேபமும்

பிள்ளைகளுக்கு வைத்த பாடம் தகாதென்று பெற்றோர் முறையிடுவதும், வித்தியார்த்திகளே கிளர்ச்சி செய்வதும் உலகில் புதிதல்ல. ஆட்சேபிப்பது குற்றமும் ஆகாது. மகன் என்ன படிக்கிறான் என்று கேட்கத் தகப்பனாருக்குப் பூரண உரிமை உண்டு. கேட்கும் விதத்திலும் பதில் சொல்லும் விதத்திலுமே விஷயம் இருக்கிறது.

டில்லி சர்வகலாசாலையில் நடந்ததைப் பாருங்கள். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து தமிழின் பெருமையை மேல்நாட்டார் அறியச் செய்தவர் ஏ. கே. ராமானுஜன். இராமகாதை பற்பல வடிவங்களில் வழங்குவதைக் குறித்து அவர் எழுதிய 'முந்நூறு இராமாயணங்கள்' என்னும் கட்டுரை 1991-ல் அச்சேறியது. பின்னர் அங்கே பி.ஏ. சரித்திர வகுப்புக்குப் பாடமாயிற்று. 2008-ல் ஒரு மாணவர் சங்கத்தினர், அது சமய உணர்ச்சியைப் புண்படுத்துகிறதென்று சொல்லி, சரித்திர இலாகாவுக்குள் புகுந்து சாமான்களை உடைத்தார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நான்கு நிபுணர்கள் பரிசீலித்தார்கள். மூவர் கட்டுரை இருக்கட்டும் என்றனர். ஆயினும் 2011 அக்டோபரில் சர்வகலாசாலை அதை நீக்கிவிட்டது.

அப்படி என்னதான் எழுதியிருந்தார்? வால்மீகியின் அகலிகை, சாபம் பெற்றபின் காற்றையே உணவாகக் கொண்டு, பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பரின் அகலிகையோ கல்லாகிறாள். இத்தகைய வேற்றுமைகளை, ஜைனர் சொல்லும் கதையையும் தாய்லாந்தார் சொல்லும் கதையையும் உடன்வைத்து, அவர் ஆராய்ந்தார். தமிழருக்கு இதில் திடுக்கிட என்ன இருக்கிறது? இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கினான் என்றார் வால்மீகி. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்றார் கம்பர். இரண்டையும் காலட்சேபத்தில் கேட்டு ரசித்த நம் பாட்டிமார்களின் பக்தி குன்றிமணியளவும் குறைந்ததில்லையே!

நம் மனத்தை அதிகமாக உறுத்துவது நான்காவது நிபுணர் சொன்ன காரணம். இளம் மாணவருக்கு இதைப் பக்குவமாக விளக்கும் தகுதி கல்லூரி ஆசிரியர்களிடம் போதாமலிருக்கலாம் என்று அவர் அஞ்சினார். சாமான்களை உடைத்தவர்கள் பாடத்தைத்தான் பழித்தார்கள். இவர் பாடம் சொல்பவரையே சந்தேகித்தார். கண்டன அறிக்கைகளால் இந்தச் சந்தேகம் தீராது. வகுப்பறையில் நாம் நடந்து காட்டித்தான் தீர்க்கவேண்டும்.

ஆகவே, உபாத்தியாயர்களாகிய நமக்குக் கடமைகள் இரண்டு. வைத்த பாடத்தை ஏன் வைத்தோம் என்று, வந்து கேட்கும் எந்தப் பெற்றோருக்கும் முகஞ்சுளியாமல் எடுத்துச் சொல்லவேண்டும். மறுத்துப் பேசும் மாணவனை அதட்டி உட்கார வைக்காமல், அவன் மறுப்பையும் வகுப்பில் விவாதிக்கவேண்டும். பெற்றோருக்குக் கடமை ஒன்றே: யாரோ அடிக்கோடிட்டுக் காட்டிய ஒரு வரியைக் கண்டு கொதித்தெழாமல், முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டு வரவேண்டும். அதன் பின்னும் அபிப்பிராய பேதம் இருந்தால் இருக்கட்டும். படித்துவிட்டு வாதிடும் இரண்டு பெரியவர்களைப் பார்ப்பதைக் காட்டிலும் பிள்ளைகளுக்கு நல்ல பாடம் வேறு கிடையாது.