வலி குறையலாம், விழிப்பு குறையலாமா?

1853-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் எட்டாவது பிரசவத்தின்போது டாக்டர் ஜான் ஸ்நோ குளோரோபாரம் கொடுத்தார். பேறுகால வலியைத் தணிப்பதே தவறு என்று வாதாடியவர்கள் அன்று இருந்தனர். அந்த வாதம் இன்றும் நம் வீடுகளில் ஓயவில்லை. "நாங்கள் எல்லாம் பெற்றெடுக்கவில்லையா?" என்று கேட்கும் பெரியவர்கள் பலர்.

பெற்றார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வலியைத் தணிக்க வழியிருக்கும்போது, பொறுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நியாயமல்ல. விரும்பிக் கேட்கும் ஆரோக்கியமான தாய்க்கு 'எபிடூரல்' முறையைக் கையாளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. கீழ்முதுகில் மெல்லிய குழாயைப் பொருத்தி, மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். தாய் நினைவிழப்பதில்லை. ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

ஆயினும், இது ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் வைத்தியமல்ல. இரத்த அழுத்தம் இறங்கலாம். சிசுவின் இதயத் துடிப்பு தளரலாம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க நேரலாம். மயக்க மருந்து டாக்டரும், இடைவிடாத கண்காணிப்பும் அவசியம். முன்பு சிசேரியன் ஆனவருக்கு, மருந்தையும் மீறி விடாத வலி எழுந்தால், மேலும் மருந்து ஏற்றுவதோடு நிறுத்திவிடக்கூடாது. கருப்பைத் தையல் கிழிவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

எபிடூரல் இல்லாத பிரசவத்திலும் ஆபத்துகள் உண்டு. மிகுந்த இரத்தப்போக்கு, தாளாத தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குட நீர் பச்சையாக வருதல் ஆகிய எதைக் கண்டாலும் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகும் முதல் சில மணி நேரம் இரத்தப்போக்கைக் கவனிப்பது முக்கியம்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. கலியாணமாகி வந்து, கன்னடம் இன்னும் பழகாத பெண், "கண் இருட்டுகிறது" என்பதை நர்ஸிடம் எப்படிச் சொல்வாள்? அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் அனுமதி அளித்தது. இந்தச் சலுகையைக் குடும்பத்தார் கேட்டுப் பெற வேண்டும். மருத்துவமனைகளும் தயங்காமல் தர வேண்டும். இரு மொழியும் அறிந்த தாயோ, நாத்தனாரோ, அண்டை வீட்டு அம்மாளோ அருகிலிருந்தால், தாயின் குரல் உரிய நேரத்தில் டாக்டரின் காதுக்கு எட்டும்.