ஊர் கேட்டு வருமோ நோய்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

பனமரத்துப்பட்டி என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, ஒரு காலத்தில் சேலம் நகருக்குக் குடிநீர் தந்த ஏரி. மற்றொன்று, மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போகும் அரளிப் பூ. இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் இன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம், நாமக்கல் எந்தப் பக்கம் போனாலும் கட்டட வேலையிலும், செங்கல் சூளையிலும், கோழிப் பண்ணையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்துத் தொழிலாளர்களைக் காணலாம். நாம் குடியிருக்கும் வீட்டிலும், உண்ணும் முட்டையிலும் அவர்களின் உழைப்பு கலந்திருக்கிறது.

இவர்களுக்கு உடம்புக்கு முடியாமற் போனால் என்ன நடக்கிறது? இக்கேள்வியை மாணவத் தோழர்களின் முன்னும், பேராசிரியப் பெருமக்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நமது அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டுக் கேட்டு நிற்பவரை ‘நீ எந்த மாநிலம்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. மாத்திரைக்குக் காசு வாங்குவதும் இல்லை. இது தமிழ்நாட்டுக்குப் பெருமை. ஆயினும், கதவு திறந்திருப்பதனால் மட்டும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டதாகப் பொருளாகுமா? அந்தக் கதவுக்கும் தொழிலாளிக்கும் நடுவே மூன்று தடைகள் நிற்கின்றன.

முதல் தடை கூலி. புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் முற்பகலில்தான் நடக்கிறது. அதே முற்பகலில்தான் சூளையில் கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணமும் வாங்கிக்கொண்டு வந்தவர் ஒரு நாள் வேலையை விட்டால் கூலியும் போகும், கடனும் நிற்கும். ஆகவே இரவில் பக்கத்து மருந்துக் கடையில் ‘காய்ச்சல், உடம்பு வலி’ என்று சைகை காட்டி நான்கு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். இலவச மருத்துவம் அவருக்கு ஒரு நாள் கூலி விலையாகிறது. கடை மாத்திரை மலிவாகிவிடுகிறது!

இரண்டாம் தடை மொழி. நமக்கு வலி என்றால் ஒரே வலியா? குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு என்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம்! நெஞ்சு எரிகிறதா, நெஞ்சை அடைக்கிறதா என்ற வேறுபாட்டில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. தமிழ் அறியாத தொழிலாளி மருத்துவர் முன் நின்று ‘தர்த்’ என்ற ஒரே சொல்லைச் சொல்லி மார்பைத் தொட்டுக் காட்டுகிறார். வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவர்தான் முழு நோயையும் கண்டறிவார்? ஒடியா மட்டுமே அறிந்தவர்க்கு இந்தி தெரிந்த மருத்துவராலும் பயனில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

மூன்றாம் தடை அட்டை. பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டது. பிற மாநிலத்தவரும் இங்கே ஆறு மாதத்துக்குமேல் வசித்ததற்குச் சான்று காட்டினால் சேரலாம் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் செங்கல் சூளை மழைக்கு முன் முடிந்துவிடும் பருவ வேலை. ஆறு மாதம் நிறையும் நேரத்தில் அவர் ரயில் ஏறியிருப்பார். கட்டடத் தொழிலாளியோ ஆறு மாதத்தில் மூன்று ஊர் மாறியிருப்பார். அவருக்கு யார் சான்று கொடுப்பார்? 2018இல் நடுவண் அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டையை எந்த மாநிலத்திலும் காட்டலாம் என்கிறார்கள். அந்த அட்டை இவர் கையில் இருந்தால்தானே! பலருக்கு அது சொந்த ஊர்ப் பெட்டியில் கிடக்கிறது.

தடை மூன்று என்றாலும் விளைவு அவரோடு நிற்பதில்லை. காசநோயை எடுத்துக்கொள்வோம். குறைந்தது ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்ண வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் அடங்கிவிடும். அந்த நேரத்தில் மேஸ்திரி வேறு ஊருக்கு அழைத்துச் சென்றால் மருந்து நின்றுவிடுகிறது. பாதியில் விட்ட மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடும். அந்தக் கிருமி அடுத்த அறையில் படுத்திருப்பவர் தமிழரா, ஒடியரா என்று பார்க்குமா? கோழிப் பண்ணையிலும் இதே கதைதான். கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியா வெளிவருகிறது. நாம் ஆய்வகத்தில் அம்மோனியாப் புட்டியை ஒரு நொடி திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பண்ணைக்குள்ளேயே குடியிருக்கும் தொழிலாளியும் அவர் பிள்ளையும் எங்கே முகத்தைத் திருப்புவார்கள்?

நிற்க. ‘நம் ஏழைகளே மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறார்கள். வந்தவர்களைப் பற்றி இப்போது என்ன கவலை?’ என்று சிலர் கேட்கலாம். என் விடுதி நண்பர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கும் நாம் யார் என்று ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நாமக்கல் அன்று சேலத்தோடு சேர்ந்திருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் காலராவுக்கு இரையானவர் பலர். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று இலங்கையில் சட்டம் வந்தது 1872இல்தான். அதன் பின்னரும் அந்தச் செலவை யார் ஏற்பது என்று துரைமார்களும் அரசும் வாதாடினார்கள். லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவர்கள் நம் பாட்டன் முப்பாட்டன்மார் அல்லவா?

அது பழங்கதை என்றால் இன்றைய கதையும் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுதும் போகின்றன. அவற்றோடு நம் ஊர் ஆண்களும் போகிறார்கள். என் தந்தையாரும் அவ்வாறு போனவர். கல்லைத் துளைக்கும்போது எழும் தூள் நுரையீரலில் படிந்தால் என்ன செய்யும் என்பதை நான் பாடத்தில் படித்தேன். அவர் அதை மூச்சில் வாங்கினார். மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஊரில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தபோது மருத்துவரிடம் சொல்ல அவருக்கு மொழி இல்லை, எழுத்தும் இல்லை. ஏதோ ஊசி போட்டார்களாம். என்ன ஊசி என்று இன்றுவரை தெரியாது. ஒரு வாரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ரிக் கூலியில்தான் மிதித்தேன். சூளையில் இருமும் ஒடியத் தொழிலாளியை ‘வந்தவன்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சட்டம் இல்லாமலா போயிற்று? 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. ஐந்து தொழிலாளர் இருந்தாலே அது பொருந்தும். அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்த ஐந்து, பத்தாகிவிட்டது! தாமாகவே வேலை தேடி வந்தவரையும் புதிய சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் எட்டுப் பேர் வேலை செய்யும் பண்ணையில் ஒருவருக்கு நோய் வந்தால் அவர் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார்?

வழி என்ன? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு அரசு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் மாநிலச் சாலையில் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர், காப்பீட்டு அட்டை உண்டா என்றெல்லாம் பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. ஆக, ஊரும் அட்டையும் கேளாமல் உயிரைக் காப்பது முடியாத காரியம் அன்று. நாமே செய்துகாட்டியிருக்கிறோம். சாலையில் லாரி மோதியவருக்குக் கேட்காத அட்டையைச் சாரத்திலிருந்து விழுந்தவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? வேலையிடத்து விபத்துக்கும், உயிருக்கு ஆபத்தான நோய்க்கும் அதே முறையை விரிவாக்க வேண்டும். தொழிலாளர் மிகுந்த ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் ஒரு மாலையாவது புறநோயாளிப் பிரிவு நடக்க வேண்டும். 2017இல் கேரளம் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே ‘ஆவாஸ்’ என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. அண்டை வீட்டார் செய்ததை நாம் செய்யக் கூடாதா?

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் முகாம் போகிறோம், கோயில் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு ஒரு சூளைக்கும் ஒரு பண்ணைக்கும் போவோம். ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்? வலி எரிகிறதா, குத்துகிறதா? சளியில் இரத்தம் உண்டா? குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று?’ என்பன போன்ற இருபது கேள்விகளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும், படிக்கத் தெரியாதவர்க்குப் படத்தோடும், ஒரே தாளில் அச்சிடுவோம். மருத்துவர்களிடம் காட்டித் திருத்தி வாங்கி, சுகாதார நிலையத்து மேசையில் வைப்போம். மொழி பெயர்க்க அந்தத் தொழிலாளரிலேயே தமிழ் பழகியவர் கிடைப்பார். செலவு நம் ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

பட்டம் பெற்றபின் நம்மில் பலர் பெங்களூருக்கும் புனேவுக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போவோம். அங்கே ஒரு நள்ளிரவில் நமக்கு நெஞ்சு வலிக்கும்போது, ‘உன் ஊர் எது?’ என்று கேளாமல் ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கும் ஒருவரைத்தான் தேடுவோம். அந்தக் கேள்வியை இங்கே வந்திருப்பவரிடம் நாம் முதலில் கேட்போம்!