வெயிலும் சாயமும் ஒரு கணக்கும்

சாயத் துணியை நிழலில் உலர்த்து என்று சொல்லாத தாய் நம் குமாரபாளையத்தில் இல்லை. வெயிலில் சாயம் ஏன் வெளுக்கிறது என்று கேட்டால் மட்டும், 'சூடுதான் காரணம்' என்று பதில் வருகிறது. அப்படியானால் வெயிலைவிடச் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதும் சேலை வெளுக்க வேண்டுமே! முதன்மைக் காரணம் ஒளி. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மட்டும் போடப்படும் ஒரு கணக்கை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிக் கற்பிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஒளி சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று ஐன்ஸ்டீன் 1905இல் கூறினார். அலைநீளம் குறையக் குறையப் பொட்டலத்தின் ஆற்றல் கூடும். பொதுவாக ஒரு பிணைப்பை அறுக்க ஒரு பொட்டலமே போதிய வலிமையோடு வர வேண்டும். ஆற்றல் குறைந்த சிவப்பு விளக்குகள் ஆயிரம் ஏற்றினாலும் அந்தக் குறை தீராது.

குளோரினை எடுத்துக்கொள்வோம். அதன் பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 242 கிலோஜூல். இதை அவகாட்ரோ எண்ணால் வகுத்தால்தான் ஒரு பிணைப்பின் பங்கு கிடைக்கும். வகுக்காமல் விட்டால் அணுக்கருவினும் சிறிய அலைநீளம் வந்து சிரிப்பு மூட்டும்! பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி, அந்தப் பங்கால் வகுத்தால் விடை சுமார் 494 நானோமீட்டர், அதாவது நீலப்பச்சை ஒளி. இருட்டில் சும்மா இருக்கும் ஹைட்ரஜன், குளோரின் கலவை வெயில் பட்டதும் வெடிப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கு 346 கிலோஜூல். விடையும் 346 நானோமீட்டரே! இது தற்செயல்தான், ஆயினும் மறக்காது. கண்ணுக்குத் தெரியாத இப்புறஊதாக் கதிர் வெயிலில் உண்டு.

எனினும் கணக்கு முழு நீதிபதி அன்று. சாயம் தான் உறிஞ்சும் ஒளியால் கிளர்ச்சியுற்று, காற்றின் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்தும் வெளுக்கிறது. சாயப் பட்டறைகளில் நூலை வெளுக்க உதவும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாருங்கள். அதன் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்புக்குச் சுமார் 213 கிலோஜூல்தான். கணக்கின்படி 560 நானோமீட்டர் அளவிலான மஞ்சள்பச்சை ஒளியே போதும். ஆனால் தண்ணீர்போல் நிறமற்ற அப்பொருள் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. புறஊதாக் கதிரையோ உறிஞ்சிச் சிதையும். அதனால்தான் அதை வெயில் படாமல் வைக்கிறார்கள்.

ஆகவே வினாத்தாளில், 'தேவையான அலைநீளம் யாது?' என்பதை அடுத்து, 'அப்பொருள் அந்த ஒளியை உறிஞ்சுமா?' என்றும் ஒரு வரி சேர்க்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம்.