மலையில் பெய்த மழைக்குக் கணக்கு எங்கே?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டையும் கடந்து போனால் வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும் அங்கேதான். மலையிலிருந்து எத்தனை மூட்டை மிளகு இறங்கிற்று என்பதற்கு வியாபாரியிடம் கணக்கு உண்டு. நேற்றிரவு அந்தச் சரிவிலே எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது? சரிவின்கீழ்க் குடியிருக்கும் உழவனுக்கு அதைச் சொல்வார் யார்?

மழைக்கணக்கு படித்தவர் பொழுதுபோக்கன்று, தோழர்களே! மண் ஓரளவுதான் நீரைக் குடிக்கும். நிறைந்தபின் உள்ளே நீரழுத்தம் ஏறும். மண்ணின் பிடி தளரும். சரிவு ஊர்மேல் இறங்கும். ஆகவே இன்றைய மழையோடு முந்திய நாட்களின் மழையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். நாமக்கல் மழைமானி மலையின் கதையைச் சொல்லாது. மலைமீதே ஒரு சரிவில் கொட்டும் மழை மறுசரிவில் தூறலாகப் போகும்.

2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டை மூடி ஏழு பேரைப் பலிகொண்டது. அதே ஆண்டு ஜூலை 30 விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சிதைந்தன. மாண்டோர் இருநூறுக்கும் மேல்! கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் ஊர்மக்களைக் கொண்டே மழைமானிகளைப் படித்துவந்தது. முதல்நாளே மாவட்ட நிருவாகத்தை எச்சரித்தது. கணக்கு இருந்தது. ஊரையே காலிசெய்யும் கட்டளையாக அது மாறவில்லை.

2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியுமா? சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் கடிகாரப்படி காலை ஆறரை மணிக்கு. கால் மணி நேரத்தில் ஹவாயிலிருந்த மையம் அதை அறிந்தது. நாகையை அலை தாக்கியது இரண்டு மணி நேரத்திற்கும் மேல் கழித்து! அத்தனை நேரமிருந்தும் கரையிலிருந்த மீனவனுக்குச் செய்தி வந்து சேரவில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் உயிர்கள். அதன்பிறகே, 2007-இல், ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் எழுந்தது.

கணக்கை வெளியிட்டால் பீதி பரவும் என்பார் சிலர். பனிப்போரின் நடுவிலே, 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில், 67 நாடுகள் நிலநடுக்கம், காந்தப்புலம், வானிலைக் குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டன. மாஸ்கோவும் வாஷிங்டனும் பகிர்ந்தன! செம்மேட்டு அலுவலகத்துக்கும் வளப்பூருக்கும் இடையில் மட்டும் என்ன இரகசியம்?

மழைமானி வானுலகப் பொருளா? ஒரு புனல், ஒரு கலம், அளக்க ஒரு குழாய். குக்கிராமந்தோறும் பள்ளிக்கூடத்தில் ஒன்று வையுங்கள். காலை எட்டரை மணிக்குப் படிப்பவருக்குக் கூலி கொடுங்கள். இலவச ஊழியம் கேட்பது நியாயமன்று. அளவைக் கடைத்தெருப் பலகையில் எழுதுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் நிலச்சரிவு வரைபடங்கள் வரைகிறார்கள். மலைக்குரியதைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இந்த அளவுக்குமேல் மழை போனால் எந்தக் குடியிருப்பு எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. அதற்குமுன் கிராமசபையில் இதைத் தீர்மானமாக்கும் பணி, மலைமீதுள்ள நம் கிளைத் தோழர்களுடையது.