தஃப்தரில் எழுதிய தேதியும் தூதரகச் சாளரமும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு நம்முடைய மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை மத்ரஸாவுக்கு வந்து அமர்ந்தார். அவருடைய மகளின் நிகாஹ் நான்கு மாதங்களுக்கு முன் நடந்திருந்தது. மணமகன் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவர். விடுப்புக் கிடைக்காததால் அன்று அவர் ஊர் வரவில்லை. அவர் நியமித்த வகீல் சபையில் அமர்ந்து அவர் சார்பாக ஒப்புக்கொண்டார். இப்போது மாப்பிள்ளை ஊர் வந்து, வலீமாவும் முடிந்து, மகளுக்கு விசா விண்ணப்பிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

"ஹள்ரத், தஃப்தரில் நிகாஹ் தேதியை மட்டும் வலீமா நாளாக மாற்றி எழுதித் தர வேண்டும். மாப்பிள்ளை ஊரில் இல்லாத தேதி இருந்தால் தூதரகத்தில் தள்ளிவிடுவார்களாம். பிள்ளையின் வாழ்க்கை" என்றார்.

தஃப்தர் எழுதும் பொறுப்பு அப்போது நம்மிடம் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு கேட்பவர் அல்லர் அவர். ஐவேளையும் முன் வரிசையில் நிற்பவர். யாரோ ஒரு விசா ஆலோசகர் சொன்னதை அப்படியே கொண்டுவந்திருந்தார். நாம் மறுத்தோம். அன்றிரவு அவர் மனவருத்தத்தோடுதான் எழுந்து சென்றார்.

அவர் அஞ்சியதில் ஓர் உண்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மணமக்கள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லாமல் நடக்கும் திருமணத்தை அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அதே சட்டம், அத்திருமணத்துக்குப் பின் இருவரும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்திருந்தால் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு தேதியன்று. வகீல் மூலம் நிகாஹ் நடந்த தேதி, கணவர் ஊர் வந்த தேதி, அதன் பின் சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்று, இவை அனைத்தும் உள்ளது உள்ளபடி இருந்தால் போதும். அந்த ஆலோசகர் சட்டத்தின் முதற்பாதியை மட்டும் படித்திருந்தார் போலும்.

தேதியை மாற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அந்த நான்கு மாதங்களில் உறவினருக்கு அனுப்பிய அழைப்பிதழ், கைப்பேசிச் செய்திகள், மஹர் தொகை அனுப்பிய வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு தேதியைச் சொல்லும். நம் முத்திரையிட்ட சான்றிதழ் இன்னொன்றைச் சொல்லும். விசாவுக்காக முக்கியமான ஒன்றைத் திரித்துக் கூறியதாக அதிகாரி முடிவு செய்தால், அந்தப் பெண்ணின் மீது விழும் தடைக்குக் கால வரம்பு கிடையாது. விலக்குக் கோரித் தனியே மனுச் செய்து காத்திருக்க வேண்டும். பொய் எழுதியவர் ஊரில் இருப்பார். தண்டனை அவளுக்கு.

மார்க்கத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் நிகாஹ் தேதி நாம் விரும்பியபடி நகர்த்தக்கூடிய ஒன்றன்று. அன்றிலிருந்தே அவள் ஒருவருடைய மனைவி. அந்த நான்கு மாதத்தில் கணவர் இறந்திருந்தால், அவர் முகத்தை நேரில் காணாதவளாயினும் அவளுக்கு இத்தா உண்டு, வாரிசுரிமை உண்டு. தேதியைத் தள்ளி எழுதும்போது அந்த உரிமைகளையும் சேர்த்தே அழிக்கிறோம்.

வகீல் மூலம் நிகாஹ் செய்வதற்கு ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. தொலைபேசியிலும் காணொளியிலும் நேரடியாக ஈஜாப், கபூல் சொல்வது பற்றித்தான் தயக்கம். 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நவீனத் தொடர்புக் கருவிகள் வழியாக ஒப்பந்தம் செய்வதை அனுமதித்தபோது, சாட்சிகள் தேவைப்படுவதால் நிகாஹை அதிலிருந்து விலக்கியது. இரண்டு சட்டங்களும் தத்தம் காரணங்களுக்காக மணமகன் நேரில் வருவதையே விரும்புகின்றன என்னும்போது, பத்து நாள் விடுப்புக்காகக் காத்திருக்க நம் குடும்பங்களுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நமக்கு விளங்குவதில்லை. மண்டபம் கிடைத்துவிட்டது என்பதைக் காரணமாகக் கூறியவர்களையும் கண்டிருக்கிறோம்.

இனி அரசுப் பதிவு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எம்மதத்தவரின் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. "தஃப்தரில் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். வெளிநாட்டில் வாழப்போகும் பெண்ணுக்குப் போதாது. பெயர் எழுதுவதிலும் நாம் கவனமற்றவர்கள். ஃபாத்திமா என்னும் பெயர் அரபியிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் போய், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் நிற்கும். தஃப்தரில் எழுதுமுன் மணமகளின் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுவது எழுத்தருக்கு இரண்டு நிமிட வேலை.

காத்திருப்பைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். கணவர் முதலில் ஐ-130 என்னும் மனுவை அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் தாக்கல் செய்கிறார். அது ஏற்கப்பட்டபின் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே கட்டணம், டிஎஸ்-260 படிவம், பிறப்பு, திருமணம், காவல்துறைச் சான்றுகள், கணவரின் ஆதரவு உறுதிமொழி. பிறகு மருத்துவப் பரிசோதனை. அதன் பின்னரே தூதரக நேர்காணல். குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. இருந்தும் ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். கிரீன் கார்டு மட்டும் உள்ளவரின் மனைவிக்கு வரம்பு உண்டு. வரிசை நீளும். இந்த வேறுபாட்டைப் பெண் வீட்டார் எத்தனை பேர் நிகாஹுக்கு முன் கேட்கிறார்கள்? "அமெரிக்க மாப்பிள்ளை" என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

போர்முனைக்குச் சென்ற கணவரைப் பிரிந்த பெண்ணொருத்தியின் புலம்பலை இரவு உலாவில் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என விசாரித்து, படைவீரர்களின் தவணையை அதற்கேற்ப வரையறுத்த செய்தியை மத்ரஸா மாணவரும் அறிவர். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஒரு பேரரசின் தலைவர் கேட்ட கேள்வியை நம் மாமியார் வீடுகள் கேட்பதில்லை. மருமகள் இரண்டாண்டு, மூன்றாண்டு சமையலறையில் நிற்கிறாள். "பேப்பர் போட்டாச்சு, வரும்" என்பதே அவள் பெறும் பதில்.

போட்டாயிற்றா என்று அறிய வழியுண்டு. மனு சேர்ந்ததும் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ஒரு ரசீது எண் வருகிறது. அதைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இட்டு நிலையைப் பார்க்கலாம். பெண்ணின் தந்தை அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதுவோர், அதைத் தரத் தயங்கும் மாப்பிள்ளையைப் பற்றி என்ன கருதுவர்? மனைவியை அழைத்துக்கொள்வதும் அவளுக்கான நஃபகாவும் கணவர் மீது கடமை. அந்த நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. கணவர் கையொப்பமிடும் ஆதரவு உறுதிமொழிக்கு அவருடைய வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தானாக நீங்காது. தன் பெயரில் அப்படியொரு கடமைப்பத்திரம் இருப்பது நம் பெண்களில் பலருக்குத் தெரியாது.

நேர்காணலுக்குப் போகும் பெண்ணுக்குப் "பயிற்சி" அளிக்கும் வழக்கம் ஒன்று பரவியுள்ளது. பெண் பார்த்த கதையைக் காதல் கதையாக்கு, அடிக்கடி சந்தித்தோம் என்று சொல். எதற்கு? பெரியோர் பேசி முடித்த திருமணங்கள் இந்நாட்டில் நடப்பதை அந்த அதிகாரிகள் அறிவார்கள். கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால் இருப்பவர் முதலில் வலக்கையை உயர்த்தி, உண்மையே சொல்வதாக உறுதி கூறச் சொல்கிறார். அந்நாட்டுச் சடங்கு என்று அதை எண்ணிவிடலாகாது. சத்தியம் எங்கு செய்தாலும் சத்தியமே. தெரிந்தே செய்யும் பொய்ச் சத்தியத்தை, செய்தவனைப் பாவத்தில் மூழ்கடிப்பது என்னும் பொருளில் யமீனுல் கமூஸ் என்று பாடம் நடத்துகிறோம், பெரும்பாவங்களுள் எண்ணுகிறோம்.

வெட்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். திருமணப் படங்கள், சேர்ந்து சென்ற பயணச்சீட்டு, பணம் அனுப்பிய ரசீது ஆகியன போதும். கணவன் மனைவிக்கிடையிலான அந்தரங்கச் செய்திகளை அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதை மார்க்கமும் தடுத்துள்ளது. அன்றாடம் தலையை மறைப்பவர் விசாப் படத்திலும் மறைக்கலாம். முகம் முழுவதும் தெரிந்தால் சரி.

அந்தத் தந்தையின் மகள் மும்பையில் நேர்காணலுக்கு நின்றாள். தஃப்தரில் இருந்த தேதியுடனேயே சான்றிதழ் கொடுத்திருந்தோம்; வகீல் மூலம் நடந்த நிகாஹ் என்பதையும், மாப்பிள்ளை பின்னர் வந்து வலீமா நடந்த நாளையும் அதில் எழுதியிருந்தோம். 90 நாள் கடந்திருந்ததால் தாமதக் கட்டணம் செலுத்தி, இருவரும் நேரில் சென்று அரசுப் பதிவையும் முடித்திருந்தனர். "கணவரை முதன்முதலில் நேரில் கண்டது எப்போது?" என்று அதிகாரி கேட்டாராம். "நிகாஹ் முடிந்து நான்காம் மாதம், திருச்சி விமான நிலையத்தில்" என்றாளாம். விமானச் சீட்டைக் காட்டினாள். இன்னும் சில கேள்விகள். விசா கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். மணமாகி இரண்டாண்டு நிறைவதற்குள் சென்றதால் இரண்டாண்டு நிபந்தனை அட்டைதான் முதலில் வந்தது. அது தனிக் கதை.

இப்போது நம் மஹல்லாவின் நிகாஹ் விண்ணப்பத்தில், மணமகன் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய குடியுரிமை அல்லது விசா நிலை என்ன, மனைவியை எப்போது, எந்த வழியில் அழைக்க இருக்கிறார் என்று ஒரு கட்டம் சேர்த்துள்ளோம். சில மாப்பிள்ளை வீட்டார் அதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். ஒரு குடும்பம் வேறு பள்ளிவாசலுக்கே போய்விட்டது. கட்டத்தை எடுத்துவிடலாமா என்று சென்ற நிர்வாகக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று முதலில் எழுந்து சொன்னவர் அந்தத் தந்தை.