இரண்டாம் விருப்பு

காவிரிப் பாசனத்து மனிதரின் ‘ஒட்டாமை’யைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் உருகி எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. திண்ணை, வெற்றிலைச் செல்லம், சங்கீதம், எதிலும் முழுசாக இறங்காத நிதானம். இதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்தாயிற்று. அரசியலிலும் அப்படித்தானாம், தன் கட்சி வேட்பாளரிடம்கூட மிராசுதாருக்கு அதிகப் பற்றுக் கிடையாதாம். இந்த விவேகத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

1969 ஆகஸ்டில் ஜனாதிபதித் தேர்தல். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா காந்தி, அதாவது வி.வி. கிரிக்கு. இந்திராவைப் பிடிக்காத வலதுசாரிகளுக்கு வேண்டிய ஆள் ரெட்டிதான். ஆனால் சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் முதல் விருப்பை சி.டி. தேஷ்முக்குக்கும் இரண்டாம் விருப்பை ரெட்டிக்கும் தரத் தீர்மானித்தன. ஜெயிக்க முடியாத கண்ணியமான ஐ.சி.எஸ். மனிதருக்கு மரியாதை, வேண்டிய ஆளுக்கு மிச்சம். முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. முதல் விருப்பாகவே போட்டிருந்தால் ரெட்டி ஜெயித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது மனோபாவத்தை.

அந்தத் தேர்தலில் மிராசுதாருக்கு ஓட்டு இல்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போட்டார்கள். ஆனாலும் அந்த வாக்குச்சீட்டு அவருடைய ஜாதகம். அவர் எப்போதுமே யாருக்கும் ‘2’ தான் போட்டு வந்திருக்கிறார். 1952இல் ராஜாஜி சர்க்கார் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது ராஜாஜி கசந்தார். 1959இல் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப்பண்ணை என்றது. அதே ராஜாஜி, நிலச் சொத்தைக் காப்பாற்றச் சுதந்திராக் கட்சி கண்டார். கட்சி பேசியது முழுக்க மிராசுதாரின் மனசிலிருந்ததுதான். எழுந்து ஓடினாரா? பெரிய பண்ணைகள் பல காங்கிரஸிலேயே உட்கார்ந்திருந்தன. 1962இல் சட்டசபையில் சுதந்திராவுக்கு 6 இடம். 1967இல் தி.மு.க.வோடு சேர்ந்து 20. சேர்ந்து ஏற்றிய அந்த தி.மு.க. ஆட்சிதான் 1970இல் நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைத்தது.

அப்போதும் திண்ணை அதிரவில்லை. ஏன் அதிர வேண்டும்? டிரஸ்ட் இருக்கிறது, மைத்துனர் பெயர் இருக்கிறது, பினாமி இருக்கிறது. வேட்பாளர் காப்பாற்ற வேண்டியதைக் கர்ணம் காப்பாற்றிவிடுகிறார். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற மாதிரியே அவர் தன் ஓட்டையும் விட்டார். வாரத்தில்தான் கண், வாரதாரரிடம் என்ன பாசம்? (சஞ்சீவ ரெட்டி 1977இல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானார். இவர்களுக்கு ஏற்ற தேர்தல் அதுதான். ‘2’ போடும் சிரமம்கூட இல்லை.)

சரி, இவருக்குச் சூடே கிடையாதா? உண்டு. கூலி நெல் கூடக் கேட்ட இடத்தில் உண்டு. செங்கொடிக்கு எதிராக நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தபோது ஒட்டாமை எங்கே போயிற்று? அங்கே சந்தா உண்டு, ஆள் கட்டு உண்டு, அடியாள் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். டில்லியில் அந்த வாக்குச்சீட்டுக்கு எட்டு மாதம் முன்னால். அந்த இரவில் இரண்டாம் விருப்பு என்று எதுவும் இருக்கவில்லை.

நம் இலக்கியம் அங்கே போனதும் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய கதை. இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார், துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் பண்ணையாரின் ஆண்மைக் குறை முன்னால் வந்து நின்றுகொள்ள, கூலி பின்கட்டுக்குப் போய்விடுகிறது. மற்றவர்களில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து தாம்பூலம் மடிக்கிறார்கள்.