ஓடைகளின் தொகை

2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியபோது தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்க வழி பிறந்தது. அந்த வசதியில் நம்மில் பலர் சொந்தமாகப் பட்டியல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையே கைக்கொள்ளவில்லை. திரட்டி ஓய்ந்ததும் யார் எங்கே எழுதுகிறார் என்ற நினைவும் ஓய்ந்தது. மாறாக, 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, தம் செய்தியோடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வைத்திருந்தோர் அதை வேறொரு வாசிப்பானில் ஏற்றி வாசிப்பைத் தொடர்ந்தனர். சிறு கோப்புதான், தளங்களின் பெயரும் முகவரியுமே உள்ளே இருக்கும்.

அக்கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதும் இலக்கியப் பணியே என்பேன். குறுந்தொகைக்குப் பூரிக்கோவையும் அகநானூற்றுக்கு உருத்திரசன்மனாரையும் தொகுத்தவர்களாக நினைவில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆனால் இருநூறு முகவரிகளை அப்படியே கொட்டிக் கொடுப்பது தொகை ஆகாது. பேகம்பூரிலிருந்து வரும் என் மாணவர் ஒருவருக்குப் பன்னிரண்டே ஓடைகள் கொடுத்தேன். சில மாதங்களில் அவர் இரண்டை நீக்கி, நான் அறியாத நான்கைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். (நீக்கியவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது, இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.)

களையெடுப்பில் அவசரம் கூடாது. ஓராண்டாக எழுதாதவரை நீக்கிவிடச் சொல்வோர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. நம் சிற்றிதழ்க்காரர்களைப் போல, நெடுநாள் மௌனத்துக்குப் பின் ஒருநாள் நீண்ட கட்டுரையோடு திரும்பி வருபவரை முகநூல் நம் கண்ணில் காட்டாமலே போகலாம். ஓடை காட்டிவிடும். முகவரியே செத்துப்போனவற்றை மட்டும் ஆண்டுக்கொரு முறை பார்த்து நீக்கினால் போதும்.